முதல் கப்பல் ஏறப்போகும் குமரி மாவட்டத் தம்பிகளுக்கு

சேர வேண்டிய கப்பலின் பெயரையும் துறைமுகத்தையும் குறிப்பிட்டுக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்துவிட்டால், திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கிளம்பப் பெரும்பாலும் சில நாட்களே மிஞ்சும். அந்த நாட்களை உறவினர் வீடுகளுக்குப் போய்வருவதிலேயே கழித்துவிட்டுக் கடைசி இரவில் அவசர அவசரமாகப் பெட்டி கட்டும் பிள்ளைகளை ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை பார்க்கிறேன். கடற்கரை ஊர்கள் மட்டுமல்ல, தக்கலை, கருங்கல், மார்த்தாண்டம் பக்கமிருந்தும் பிள்ளைகள் கப்பலுக்குப் போகிறார்கள். வேலையைப் பயிற்சிப் பள்ளியில் சொல்லித் தந்துவிடுகிறார்கள். வேலை முடிந்து மிச்சமிருக்கும் நேரத்தில் எப்படி வாழ்வது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

கப்பலில் உங்களுக்கென்று கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அது வீணாகாமல் இருக்க வேண்டுமானால் அதற்கான ஏற்பாடுகளை ஊரிலேயே முடித்துக்கொண்டு போக வேண்டும். இறங்க வழி இருக்கிற துறைமுகத்தில் அறைக்குள் சுருண்டு கிடக்கவும் கூடாது. இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பவை எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

காகிதங்கள்

வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி யாராவது லட்சக்கணக்கில் பணம் கேட்டால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வேலையில் அமர்த்துவதற்காகக் கப்பல் ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே சொல்கிறது. இந்தியா அதை 2015-இல் ஏற்றுக்கொண்டது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், சிடிசி எனப்படும் கப்பல் பணிப் பதிவேடு ஆகியவற்றுக்கான செலவு மட்டும்தான் உங்களுடையது. ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கு ஆர்பிஎஸ்எல் எனப்படும் ஆள்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். தெரிந்த அண்ணன், பங்குக்காரர், தூரத்து மாமா என்று யார் சொல்லி வந்த ஏஜென்ட் ஆனாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் திரும்ப வராமல் தவிக்கும் வீடுகள் நம் ஊர்களில் இருக்கின்றன.

பாஸ்போர்ட், சிடிசி, இண்டோஸ் எண் (இந்தியக் கப்பல் ஊழியர் ஒவ்வொருவருக்கும் உள்ள அடையாள எண்), எஸ்டிசிடபிள்யூ எனப்படும் சர்வதேசத் தரப்படியான பயிற்சிச் சான்றுகள், மருத்துவச் சான்று, வேலை ஒப்பந்தம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை ஆகிய அனைத்தும் கைப்பையில் இருக்கட்டும்; விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்க வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அதன் பிறகு அந்த அட்டை ஆயுள் முழுவதற்கும் செல்லும். அட்டை இல்லாமல் ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளில் அந்த நோய் உள்ள பகுதிகளிலிருந்து திரும்பினால், இங்கே 6 நாள் வரை தனிமைப்படுத்தலில் வைத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் காத்திருந்த வீட்டாரை வாசல்வரை வந்தும் பார்க்க முடியாமல் போவது பெரிய கொடுமை. எல்லாக் காகிதங்களையும் படம் எடுத்து போனில் ஒரு பிரதி, மின்னஞ்சலில் ஒரு பிரதி, வீட்டில் ஒருவரிடம் ஒரு பிரதி வைத்துவிடுங்கள்.

பெட்டியில் எதை வைப்பது, எதை எடுத்துவிடுவது

பாயிலர் சூட், பாதுகாப்புக் காலணி, ஹெல்மெட் போன்றவற்றைக் கப்பலிலேயே தந்துவிடுவார்கள். நீங்கள் கொண்டுபோக வேண்டியது உள்ளாடை, பருத்திச் சட்டைகள், குளிர்தாங்கும் உள்ளாடை ஒரு சோடி, இறங்கும்போது போட நல்ல உடுப்பு இரண்டு, வசதியாக நடக்க ஒரு காலணி. நம் ஊரில் குளிர் தெரியாது. அதனால் குளிர்தாங்கும் உள்ளாடையைச் சேர்க்க மறந்துவிடுவீர்கள். பனிக்காலத்தில் ஐரோப்பியத் துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் கயிறு பிடிக்க நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

அம்மா கட்டித் தரும் பலகாரங்களில் முந்திரிக்கொத்துக்கு முதலிடம் கொடுங்கள். வறுத்த சிறுபயறும் வெல்லப்பாகும் சேர்ந்து நன்றாக வெந்திருந்தால் பல வாரம் கெடாது. விமானத்தில் நொறுங்குவதும் குறைவு. நேந்திரங்காய் சிப்ஸ் காற்றுப் புகாத டப்பாவில் தாங்கும். கருவாடு வேண்டவே வேண்டாம். சுங்கச் சோதனையில் தூக்கிப் போடுவார்கள். தப்பித் தவறிக் கப்பல்வரை போனாலும் குளிர்சாதனக் காற்று வழியாக மொத்த மாடிக்கும் வாசம் பரவி, முதல் வாரமே எல்லாருடைய கோபத்துக்கும் ஆளாவீர்கள்.

வீட்டில் அரைத்த மசாலாப் பொடி கொண்டுபோவதாக இருந்தால் அதில் கசகசா சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள். நமக்குக் கறிக்குப் போடும் சாதாரணப் பொருள். துபாய், அபுதாபி, சிங்கப்பூர் சட்டத்தில் அது போதைப்பொருள் கணக்கில் வரும். கப்பலேறப் போகும் பிள்ளைகள் பலர் வளைகுடா வழியாகத்தான் பறக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கோடீன், டிரமடால் கலந்த இருமல் மருந்துகளும் வலி மாத்திரைகளும் அப்படியே. எந்த மருந்தானாலும் மருத்துவர் சீட்டோடு, மருந்தின் மூலப்பெயர் தெரியும்படி அதன் அட்டையோடு கொண்டுபோங்கள். மின்சிகரெட்டை இந்தியா 2019-இலேயே தடை செய்துவிட்டது. சிங்கப்பூரில் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். விட்டுவிடுங்கள்.

போனும் மற்றக் கருவிகளும்

போன் வாங்குவதாக இருந்தால் இரண்டு சிம் போடும் வசதியும் இ-சிம் வசதியும் சேர்ந்த ஒன்றை வாங்குங்கள். ஊர் எண் ஒன்றில் நிலையாக இருக்கட்டும். வங்கியின் ஓடிபி அதில்தான் வரும். 90 நாள் பயன்பாடு இல்லாமல் கிடந்தால் எண்ணைத் துண்டிக்கக்கூடும் என்பதால், மாதந்தோறும் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். இன்னொரு சிம்முக்கு அந்தந்த நாட்டின் இ-சிம் போட்டுக்கொள்ளலாம்.

நடுக்கடலில் போனை விமானப் பயன்முறையில் வையுங்கள். சில கடல்பகுதிகளில் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் கைபேசி வலையமைப்பில் உங்கள் சிம் தானாக ஒட்டிக்கொள்ளும். ஒரு நிமிடப் பேச்சுக்கே கண்ணைக் கட்டும் அளவுக்குக் கட்டணம் வரும்.

கப்பலில் இணையம் இருக்குமா என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. இப்போது பல கப்பல்களில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டது. மற்றவற்றில் விசாட் என்ற பழைய வகைச் செயற்கைக்கோள் இணையம் இருக்கும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2022-இல் செய்த திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஊழியர்கள் குடும்பத்தோடு தொடர்புகொள்ள இணையம் தர வேண்டும், கட்டணம் வாங்கினால் அது நியாயமானதாக இருக்க வேண்டும் என்கிறது அது. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று அளந்துதான் தருவார்கள்; அனுமதி இல்லாத நாடுகளின் கடல் எல்லைக்குள் நுழைந்தால் அணைத்தும்விடுவார்கள். ஆகவே பாட்டு, படம், பாடப் புத்தகங்கள், தேர்வுக்கான பழைய வினாத்தாள்கள் அனைத்தையும் நாகர்கோவிலில் இருக்கும்போதே ஒரு ஹார்ட் டிஸ்கில் நிரப்பிக்கொள்ளுங்கள். போனில் வரைபடத்தை இணையமில்லாமல் பார்க்கும்படி பதிவிறக்கி வையுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானியம், சீனம், போர்த்துக்கீசியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளின் தொகுப்புகளையும் அப்படியே ஏற்றிக்கொள்ளுங்கள்.

போனில் நேரம் தானாக மாறும் அமைப்பைக் கப்பலேறிய அன்றே நிறுத்திவிடுங்கள். கப்பலின் கடிகாரம் கேப்டன் சொல்லும் நேரப்படி ஓடும். மேற்கே போகும்போது ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், கிழக்கே போகும்போது முன்னால் தள்ளுவார்கள். கரையோரம் வந்ததும் போன் அங்குள்ள கோபுரத்தின் சிக்னலைப் பிடித்து, அந்த நாட்டு நேரத்துக்குத் தாவிவிடும். அதிகாலை 4 மணி வாட்ச்சுக்கு, அதாவது முறைப் பணிக்கு, அலாரம் வைத்தவர் 5 மணிக்கு எழுந்து நிற்பார். அதற்குள் முந்தைய வாட்ச்காரர் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றிருப்பார். அவருடைய நல்லெண்ணத்தைத் திரும்பப் பெற வெகுநாள் ஆகும். பேட்டரியில் ஓடும் சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிலருகே வைத்துவிட்டால் கவலையே இல்லை.

பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-அவர் (Wh) அளவுக்கு உட்பட்டது என்றால் சிக்கல் இல்லை. சாதாரண 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-அவர்தான். பல கப்பல்களில் ஐரோப்பிய வகை இரட்டை உருளைப்பின் சாக்கெட் இருக்கும். ஜப்பானில் கட்டிய கப்பல்களில் தட்டைப்பின்னும் 110 வோல்ட்டும் இருக்கலாம். எல்லா வகைக்கும் பொருந்தும் அடாப்டர் ஒன்று போதும். சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் வசதி (சர்ஜ் புரொடெக்டர்) வைத்த எக்ஸ்டென்ஷன் பலகையைக் கப்பலுக்குக் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் ஒரு கம்பி நியூட்ரல். பெரும்பாலான கப்பல்களில் இரண்டு கம்பிகளிலுமே மின்னழுத்தம் இருக்கும். அந்த அமைப்பில் இத்தகைய பலகை சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013-இலேயே எச்சரித்திருக்கிறது. தண்ணீர் சுடவைக்கும் கம்பிச்சுருள், சிறிய ரைஸ் குக்கர் போன்றவையும் அறைக்குள் கூடாது. நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது; அணைக்கப் போவது நீங்களும் உங்கள் கூட்டாளிகளும்தான்.

எண்ணெய், எரிவாயுக் கப்பலானால் போனை மேல்தளத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. சாதாரண டார்ச்சுக்கும் தடை. இயந்திர அறையில் காதுக் கவசத்துக்குப் பதிலாக இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பதும் வேண்டாம். எந்த இரைச்சல் மாறியது, எந்த பம்ப் தடுமாறுகிறது என்பதைக் காது உங்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கே காதைக் காப்பாற்றுவது கவசம் ஒன்றுதான்.

ஏறிய முதல் வாரம்

ஏறியதும் உங்கள் உயிர்காப்புப் படகு எது, அவசர மணி அடித்தால் எங்கே கூட வேண்டும் என்பதை அறைக்கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் அட்டையில் பாருங்கள். அறையிலிருந்து அங்கே நடந்து போய்ப் பாருங்கள். பிறகு ஒரு முறை இருட்டில் கைப்பிடியைத் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். பெட்டியைப் பிரிப்பது அதன் பிறகு இருக்கட்டும்.

வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போய்ப் பழகியவர்களுக்குக் கடல் ஒத்துக்கொள்ளும் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆனால் பெரிய கப்பல் மெல்ல மெல்லச் சாய்ந்து எழும் அசைவு வேறு விதம். கடலைப் பார்க்காமல் உள்ளறையில் வேலை செய்யும்போது குமட்டல் வருவது இயல்பு. வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். சுக்கு ஒரு துண்டு வாயில் ஒதுக்கிக்கொள்ளுங்கள், தொடுவானத்தைப் பாருங்கள். மாத்திரை வேண்டுமானால் கப்பலின் மருந்துப் பொறுப்பில் இருக்கும் அதிகாரியிடம் கேளுங்கள். இரண்டு மூன்று நாளில் உடல் பழகிவிடும்.

ஓய்வு நேரத்தில் கண்டிப்பாக இருங்கள். எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரமும், எந்த 7 நாளிலும் 77 மணி நேரமும் ஓய்வு உங்கள் உரிமை. அந்த 10 மணி நேரத்தை இரண்டுக்கு மேல் துண்டாக்கக் கூடாது. அதில் ஒன்று தொடர்ந்து 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். அந்த நேரம் முழுவதையும் போனில் கழித்துவிட்டுக் கண்கள் சிவக்க வேலைக்கு வருவது உயிருக்கே ஆபத்து. கயிறு இறுகி நிற்கும் இடத்தில் தூக்கக் கலக்கத்துக்கு இடமில்லை.

வீட்டாரிடம் பேசும் முறையையும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். நாள்தோறும் கூப்பிடுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். இணையம் ஒரு நாள் நின்றாலே அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளத் தொடங்கிவிடுவார்கள். செய்தி வராவிட்டால் கப்பல் நன்றாக இருக்கிறது, இணையம்தான் இல்லை என்று எடுத்துக்கொள்ளும்படி சொல்லிவையுங்கள். கம்பெனியின் 24 மணி நேரத் தொலைபேசி எண்ணை வீட்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள். சீனாவில் வாட்ஸ்அப் திறக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கரை இறங்குதல்

எந்த நாட்டில் இறங்கலாம் என்பது உங்கள் கையில் இல்லை. அமெரிக்காவில் கப்பல் ஊழியருக்கான சி1/டி விசா இல்லையென்றால் கேங்வேயை, அதாவது கப்பலிலிருந்து இறங்கும் ஏணிப்பாதையை, தாண்ட முடியாது. கம்பெனி கேட்கும் முன்பே அதை எடுத்து வைத்திருப்பது வேலைக்கும் நல்லது. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஊழியர் விசா உண்டு. இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் துறைமுகம் இருக்கும் நகராட்சியிலும் அதை ஒட்டிய நகராட்சிகளிலும் விசா இல்லாமலே போய்வரலாம்; அதைத் தாண்டி ரயிலேறிவிடாதீர்கள். சில நாடுகளில் இறங்கவே விடமாட்டார்கள்.

நேரமும் கப்பலைப் பொறுத்தது. கன்டெய்னர் கப்பல் ஒரு நாளுக்குள் சரக்கை இறக்கி ஏற்றிவிட்டுப் புறப்பட்டுவிடும். மொத்தச் சரக்குக் கப்பல் பல நாள் நிற்கும். எண்ணெய்க் கப்பல் கரைக்கே வராமல் மிதவையில் கட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. இதனால்தான் கரை இறங்கும் திட்டம் கப்பலைத் துறையில் கட்டும் முன்பே தயாராக இருக்க வேண்டும் என்கிறேன்.

முந்தைய நாளே உங்கள் வாட்ச் எது என்று பார்த்து, தேவையானால் கூட்டாளியோடு மாற்றிக்கொள்ளுங்கள். மேலதிகாரியிடம் அனுமதி கேளுங்கள். கேப்டனிடம் கேஷ் அட்வான்ஸ் (சம்பளத்தில் முன்பணம்) வேண்டுமானால் கப்பல் துறைமுகத்தை அடையும் முன்பே பெயரை எழுதிக் கொடுங்கள். கேங்வே அருகே உள்ள பலகையில் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். புறப்படும் நேரம் வேறு, அந்த நேரம் வேறு. அந்தப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய அட்டையில் கப்பலின் பெயர், நிற்கும் மேடையின் எண், துறைமுக வாயிலின் பெயர், அந்தத் துறைமுகத்தில் கப்பலின் காரியங்களைப் பார்க்கும் ஏஜென்டின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் அந்த அட்டையை டாக்சிக்காரரிடம் நீட்டினால் போதும். தனியாகப் போகாதீர்கள், மூன்று நான்கு பேராகச் சேர்ந்து போனால் டாக்சிக் கட்டணமும் பங்காகும். கன்டெய்னர் முனையத்துக்குள் நடந்து போகத் தடை, ஷட்டில் வண்டிக்காகக் காத்திருங்கள்.

முதலில் எங்கே போவது? என் பதில் எப்போதும் கடலோடிகள் மையம்தான். கத்தோலிக்கத் திருச்சபையின் ஸ்டெல்லா மாரிஸ் 1920-இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. ஆங்கிலிக்கன் சபையின் மிஷன் டு சீஃபேரர்ஸ் 1856-இல் தொடங்கியது. உலகின் பெரிய துறைமுகங்கள் பலவற்றில் இவற்றின் மையங்கள் இருக்கின்றன. எந்த மதத்தவரானாலும் வரவேற்பார்கள். கூப்பிட்டால் பல இடங்களில் வண்டியையே கேங்வே வரை அனுப்புவார்கள். வைஃபை, சிம் கார்டு, காபி, கேரம் பலகை, பிலியர்ட்ஸ் மேசை, சிறிய கடை, அமைதியாக உட்கார ஒரு மூலை எல்லாம் இருக்கும். ஹாம்பர்க்கில் 1986 முதல் இயங்கும் டக்டால்பென் மன்றத்தை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பல மதத்தினரும் வழிபட ஒரே அறையில் தனித்தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சம்பளம் வரவில்லை, உடம்பு சரியில்லை, கப்பலில் யாரோ துன்புறுத்துகிறார்கள் என்றால்கூட அங்கே சொல்லலாம். காது கொடுத்துக் கேட்டு வழி சொல்வார்கள்.

சிங்கப்பூரில் கப்பல் நங்கூரமிட்டு நின்றால் படகு பிடித்துத்தான் கரைக்குப் போக வேண்டும். படகின் நேரத்தையும் கட்டணத்தையும் முன்பே கேளுங்கள். இறங்கினால் சிராங்கூன் சாலைக்குப் போங்கள். வீரமாகாளியம்மன் கோயில், தேக்கா சந்தை, வாழையிலைச் சாப்பாடு, தமிழில் எழுதிய கடைப் பலகைகள். மாதக்கணக்கில் கப்பல் ஆங்கிலமே பேசிய வாய்க்கு, கடைக்காரரிடம் தமிழில் விலை கேட்பதே பெரிய ஆறுதல். மலேசியாவில் போர்ட் கிளாங்கில் இறங்க முடிந்தால், கொமூட்டர் ரயிலில் கிளாங் போய்த் தெங்கு கெலானா சாலையில் இதே ஆறுதலைப் பெறலாம்.

ராட்டர்டாமில் மாஸ்விளாக்டே முனையத்தில் கட்டினால் நகரம் வெகுதூரம். நேரம் குறைவாக இருந்தால் அருகில் உள்ள கடலோடிகள் மையத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜப்பானில் 100 யென் கடைகளும், பழைய மின்னணுப் பொருட்கள் விற்கும் ஹார்ட் ஆஃப் கடைகளும் பார்க்க வேண்டியவை. டிப்ஸ் கொடுக்கத் தேவையில்லை. சூயஸ் கால்வாயில் கப்பலுக்குள்ளேயே வந்து கடை விரிப்பவர்களிடம் சிம் கார்டு வாங்கினால், அது வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கருவிகள் வாங்கும் ஆசை எல்லாருக்கும் வரும். ஜப்பானில் விற்கும் பெரும்பாலான போன்களில் அங்கே கேமரா ஒலியை நிறுத்த முடியாது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14-ஆம் வரிசை முதல் சிம் கார்டு போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். ஜப்பானிய ரைஸ் குக்கர் 100 வோல்ட்டுக்குச் செய்தது. ஊர் மின்சாரத்தில் நேரடியாகச் செருகினால் புகைந்துவிடும். ஊரில் வாரண்டி செல்லுமா என்று கேட்காமல் எதையும் வாங்காதீர்கள்.

மீன்பிடி ஊர்களின் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. 2017 நவம்பர் 30-இல் வந்த ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்த நம்மவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அந்த வேதனையில், அண்ணனின் விசைப்படகுக்கு என்று துராயா செயற்கைக்கோள் போன் ஒன்றை வளைகுடாவில் வாங்கிவரத் தோன்றும். வேண்டாம். அரசு உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் செயற்கைக்கோள் போன் கொண்டுவருவது குற்றம். விமான நிலையத்திலேயே கைது செய்துவிடுவார்கள். படகுக்கு டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியாகத் தொடர்பு தரும் கருவி) வேண்டுமானால் மீன்வளத் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

பணமும் திரும்புதலும்

சம்பளத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்பும் அலாட்மென்ட் படிவத்தை ஏறும் முன்பே நிரப்பிக் கொடுங்கள். வெளிநாட்டுக் கப்பலானால் என்ஆர்ஈ எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு திறப்பது நல்லது. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் இந்தியாவில் தங்கிய நாட்கள் 182-க்குக் குறைவாக இருந்தால்தான் வெளிநாடுவாழ் இந்தியராகக் கருதப்படுவீர்கள். அந்த நாட்களைக் கணக்கிட சிடிசியில் பதிவாகும் ஏறிய தேதியும் இறங்கிய தேதியும்தான் ஆதாரம்.

ஆகவே சைன் ஆஃப் செய்யும், அதாவது பணி முடிந்து கப்பலைவிட்டு இறங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். சிடிசியில் இரண்டு தேதிகளும் சரியாக இருக்கின்றனவா, கேப்டனின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றனவா, கடற்பணிச் சான்றில் உங்கள் பெயரும் கப்பலின் டன் அளவும் பிழையில்லாமல் இருக்கின்றனவா என்று கேங்வே இறங்கும் முன்பே பாருங்கள். கப்பல் போன பிறகு திருத்தம் வாங்க மாதங்கள் ஆகும். அடுத்த தேர்வுக்கான விண்ணப்பம் அதுவரை நிற்கும். சம்பளக் கணக்குச் சீட்டில் கேஷ் அட்வான்சும் பாண்ட் ஸ்டோர் என்ற கப்பல் கடையில் வாங்கியதும் சரியாகக் கழிக்கப்பட்டிருக்கின்றனவா என்று கூட்டிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். திருவனந்தபுரத்தில் இறங்கும்போது ஒரு லேப்டாப்புக்குத் தீர்வை கிடையாது. விலை உயர்ந்த கேமரா போன்றவற்றை இங்கிருந்தே கொண்டுபோவதாக இருந்தால், கிளம்பும் நாளில் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கி, அதைச் சிடிசி உறையிலேயே வைத்துவிடுங்கள்.